மூன்று நாளில் ஒன்றும் கெடவில்லை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள். சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த மகள் சொர்ணலதா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற இஸ்ரவேல். ஐந்தாவது ஆள் மருமகன் பொன்னுத்துரை. அவர் சார்ஜாவில்தான் இருந்தார், ஆனால் மகளுடைய போனில் முகம் தெரிந்துகொண்டே இருந்தது, நடுநடுவே பேசவும் செய்தார். அதனால் அவரையும் சேர்த்துத்தான் ஐந்து. ஜனவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால்.

இவ்வளவு சரியாக எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லப்பட்டதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொன்னேன் என்கிறாள் மகள். கேட்டோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். ஆவுடை ஆமாம் என்றும் தலையை ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. மிச்சம் நான் ஒருவன்.

மன்னிக்க வேண்டும் சார். மடியில் வைத்திருப்பது சாப்பாடா, மேலே வைக்கட்டுமா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். சாப்பாடு இல்லை. டிபன் பாக்ஸ்தான், ஆனால் உள்ளே இருப்பது கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற பாகம். ஹார்ட் டிஸ்க் என்கிறார்கள். என் வீட்டுக்காரியின் குரல் இதில்தான் இருந்தது. மதுரையில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன், இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறேன். நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. கோவில்பட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

போன கார்த்திகையில் அவளுக்குத் தொண்டை கட்டியது. சளி என்றுதான் நினைத்தோம். நாற்பது நாள் ஆகியும் குரல் திரும்பவில்லை. திருநெல்வேலியில் காட்டினோம், புற்று என்றார்கள். கரண்ட் வைத்துப் பார்க்கலாம், முப்பத்து மூன்று தடவை, அதற்கும் கேட்காவிட்டால் குரல்வளையை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் ஆகாது, பேச்சு மட்டும் இருக்காது என்றார். பேச்சு மட்டும். அப்படித்தான் சொன்னார்.

மகள் ஓடி வந்தாள். தாயும் மகளும் மூன்று நாள் அடுப்படியிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை. நாலாவது நாள் இஸ்ரவேலைக் கூட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் வைத்தாள். அம்மாவும் நானும் முகம் பார்த்துப் பேசணும், போன் சின்னதா இருக்கு என்றாள். புதுசு வேண்டாம், பழசே போதும், இரண்டு பேருக்கு எதற்குப் புதுசு என்று சொன்னது நான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வைத்து முடித்ததும் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எப்படித் தொடங்குவது, எப்படி அணைப்பது, சார்ஜாவிலிருந்து கூப்பிட்டால் எதை அமுக்குவது, இன்டர்நெட்டுக்கு ரகசிய எழுத்து என்ன. நான்கு வரி. அந்தக் காகிதம் இன்னும் அங்கேயே இருக்கிறது, நீங்கள் வந்தால் காட்டுவேன். நான்குதான். ஐந்தாவது ஒரு வரி அதில் கிடையாது.

ஐந்தாவதை வாயால் சொன்னாளாம். இதில் காப்பி எடுக்கிற ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அம்மா பேசி வைக்கிறது எல்லாம் தானாக எனக்கும் வந்து சேர்ந்துவிடும், அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று. அந்த நேரத்தில் நான் மேஜைக்கு அடியில் இருந்தேன் சார். வயர் மொத்தம் ஏழு, எது எதற்குப் போகிறது என்று பார்த்து ஒவ்வொன்றிலும் துணி கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. என்னிடம் சொல்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி மூன்றாம் தேதி அவள் போய்விட்டாள். மறு வாரம் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். காலையில் திருநெல்வேலி போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்புவோம். ஆவுடை கொஞ்சம் படுத்து எழுந்திருப்பாள். ஐந்து மணிக்கு நான் லைப்ரரிக்குப் போவேன், ஆறே காலுக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் அவள் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகளுடைய போட்டோ எல்லாம் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷம். கேட்டுக் கேட்டுப் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அவளும் கேட்க மாட்டாள். அதனால் சண்டையும் வந்ததில்லை.

ஆனால் ஒன்று பார்த்தேன். ஒருநாள் மழை, நான் லைப்ரரிக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு அவள் பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது தொடங்கவில்லை. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவள் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒன்பது நிமிஷம் நாற்பது செகண்ட். தினமும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே இஸ்ரவேல் கடைக்குப் போனேன். அவர் வீட்டுக்கே வந்து ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். முழுக்க இங்கிலீஷ் பெயர்கள். சர்வீஸ் என்று சொன்னார்.

"அண்ணாச்சி, பொட்டியப் போட்ட ஒடனே இவனுவ எல்லாவனும் கேக்காமலே எந்திரிச்சு வேலைக்கு வந்துருவானுவ. நம்ம கண்ணுக்கு ஒருத்தனும் தெரிய மாட்டான். பின்னால நின்னு ஓடிக்கிட்டே இருப்பானுவ. அதான் தெணறுது."

எதற்கு இத்தனை பேர் என்று கேட்டேன். செய்து அனுப்புகிறவன் யாருக்கு எது தேவைப்படுமோ என்று எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுத்தான் அனுப்புகிறான், நமக்கு வேண்டாததை நாம்தான் பார்த்து நிறுத்த வேண்டும் என்றார். தானாகத் தொடங்குகிறவை என்று எண்ணிப் பார்த்தேன். எழுபத்தாறு. அதில் இருபத்து நான்கைக் காட்டி, இதில் கை வைத்தால் பெட்டியே படுத்துவிடும் என்றார். மிச்சம் ஐம்பத்திரண்டு. அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டேன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், ஏதாவது கெட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்குக் கடையில் ஆள் காத்திருந்தது. ஐம்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக அவரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குள்ளேயே இரண்டு தடவை தொந்தரவு செய்துவிட்டேன்.

ஆனால் வழி எனக்குத் தெரியும். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், முப்பத்தொரு வருஷம் மில்லில் டைம் ஆபீஸில் இருந்தேன். எந்த மில் என்று வேண்டாம். அங்கே ஒரு முறை உண்டு. ஒரு ஆள் தேவையா, தேவையில்லையா என்று மேலே சந்தேகம் வந்தால் அவனை மூன்று நாள் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். மூன்று நாளில் அந்த டிபார்ட்மெண்டிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை என்றால் அந்த இடம் தேவையில்லை. அவன் வருகைக்குப் போடுகிற டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டியது, அதோடு அவனுக்கு வேலை இல்லை. நான் முடிவு செய்ததில்லை. எடுத்தது மட்டும் நான். நாற்பத்தாறு டோக்கன் எடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. வந்ததாக எனக்குத் தெரியாது.

ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். முதல் பத்தியில் எண். அடுத்ததில் பெயர், எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது, பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். அடுத்தது நிறுத்திய தேதி. கடைசிப் பத்தியில், மூன்று நாளில் கெட்டது என்ன. ஒரு தவணைக்கு நான்கு. நான்கை நிறுத்து, மூன்று நாள் பார், ஒன்றும் கெடவில்லை என்றால் அடுத்த நான்கு. பிப்ரவரி பதினைந்தில் தொடங்கினேன்.

அவளிடம் சொல்லவில்லை. முடிந்த பிறகு தெரியட்டும் என்று நினைத்தேன்.

அந்த முறை சரியாகத்தான் வேலை செய்தது சார். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐந்தாவது தவணையில் பாருங்கள். பத்தொன்பதாவதை நிறுத்தினேன். அன்றைக்கு நான் லைப்ரரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அவள் அறையிலிருந்து வெளியே வந்து நிற்கிறாள். அப்போதெல்லாம் அவள் குரல் சாக்கைத் தரையில் இழுப்பது மாதிரி இருக்கும். "ஏங்க, இதுல சத்தமே வரல" என்றாள். ஆறு நிமிஷத்தில் பத்தொன்பதாவதைத் திரும்பப் போட்டுவிட்டேன். நோட்டில், சத்தம் கெட்டது, தேவை என்று எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா, தேவை உள்ளது என்றால் யாராவது வந்து கேட்டுவிடுகிறார்கள்.

போட்டோ பார்க்கிறவளுக்குச் சத்தம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை.

மார்ச் எட்டு. எட்டாவது தவணை. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மூன்று நாள் பார்த்தேன். நான்கிற்கும் எதிரே, ஒன்றும் இல்லை என்று எழுதினேன். மார்ச் கடைசியில் பதின்மூன்று தவணையும் முடிந்தது. ஐந்தைத் திரும்பப் போட்டேன், நாற்பத்தேழு நின்றது. அன்றைக்கு ஐந்து மணிக்கு அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் கடிகாரத்தோடு நின்றேன். இரண்டு நிமிஷம் ஐந்து செகண்ட். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வெரசாத் தொறக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்னது நிறைய இருக்கும், ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி சொன்னது அதுதான்.

கரண்ட் வைத்ததற்குக் கேட்கவில்லை. மே மாதம் தேதி குறித்தார்கள். ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை, ஆப்பரேஷன். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜூன் முப்பது வீட்டுக்கு வந்தோம். இப்போது அவள் கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில்தான் மூச்சு. நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கோலம் போடுகிறாள். வேண்டியதைச் சின்ன நோட்டில் எழுதிக் காட்டுகிறாள்.

ஜூலை ஆறாம் தேதி மகள் கூப்பிட்டாள். அம்மாவைக் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லுங்கப்பா, இன்னைக்கு நான் கேக்கப் போறேன் என்றாள். எதை என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். ஜனவரியில் அடுப்படியில் தாயும் மகளும் பேசி முடித்தது அதுதானாம். ஆப்பரேஷன் வரைக்கும் தினமும் ஏதாவது பேசிக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆவுடை ஒரு வாக்கு மட்டும் வாங்கியிருக்கிறாள். இப்பக் கேக்காத, எனக்குக் கூச்சமா இருக்கும், பேச்சு போன பெறகு கேளு. மகளும் அப்படியே வந்து சேர்ந்ததைத் திறக்காமல் வைத்திருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், பேச வராது, அதனால் அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் ஆவுடை சொல்லியிருக்கிறாள்.

நான் பொத்தானை அமுக்கினேன். திறக்கவில்லை. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். முப்பது வரைக்கும் எண்ணிவிட்டு அணைத்தேன். இஸ்ரவேல் வந்து பார்த்தார். டிஸ்க் போய்விட்டது என்றார். ஆவுடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார், நல்ல மனுஷன். "பயப்படாதீங்க அண்ணாச்சி. ஒங்க மகதான் அன்னைக்கே காப்பி எடுக்க வச்சிட்டுப் போயிருக்காள்ல. எல்லாம் சார்ஜாவுல பத்திரமா இருக்கும்" என்றார்.

மகள் போனில் இருந்தாள். திறந்து எண்ணினாள். இருபத்தாறு இருக்கு என்றாள். ஆவுடை விரலால் எழுதிக் காட்டினாள், எண்பத்து நாலு. திரும்ப எழுதினாள், எண்பத்து நாலு. கடைசியாகப் பேசியதில் அந்த எண்தான் இருந்ததாம். மகள் மறுபடி எண்ணினாள். இருபத்தாறுதான், கடைசித் தேதி மார்ச் ஏழு என்றாள்.

"அப்பா, மார்ச் எட்டாந்தேதி பொட்டியில எதையாவது மாத்துனீங்களா?"

நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். எட்டாவது தவணையை வாசித்தேன். முப்பத்தொன்றில் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியிலேயே, அதுதான்பா என்றாள்.

"அது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதுப்பா. காப்பி எடுத்துக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான்."

கடைசிப் பத்தியையும் வாசித்தேன். ஒன்றும் இல்லை. எழுதியிருந்தது, அதனால் வாசித்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லப்பா."

"ஒரு வரி எழுதியிருக்கலாம்ல" என்றேன்.

நான் சொன்னதில் தப்பு இல்லை சார். இன்றைக்கும் சொல்வேன். சுவரில் நான்கு வரி இருக்கிறது. எழுதத் தெரிந்தவள், ஐந்தாவதையும் எழுதியிருக்கலாம். மேஜைக்கு அடியில் இருக்கிறவனிடம் சொன்னால் சொன்னதாக ஆகுமா? ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன பிறகு மகள் அழுத சத்தம் போனில் கேட்டது. ஆவுடையால் அப்படி அழ முடியவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, கழுத்து ஓட்டையில் மூச்சு புஸ், புஸ் என்று வருகிறது, சத்தம் இல்லை. இஸ்ரவேல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இப்போதும் மகள் தினமும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களாப்பா என்கிறாள், அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாள். அதற்கு மேல் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடை நோட்டை என் பக்கம் தள்ளினாள். எழுதியிருந்தாள். மே மாசத்துக்கு மேல உள்ளது எல்லாம் உங்களுக்குப் பேசினது.

எத்தனை என்று கேட்டேன். இருபத்திரண்டு என்று எழுதினாள்.

என்ன பேசினாய் என்று கேட்டேன். நாற்பத்து நாலு வருஷத்தில் நான் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் பேனாவைப் பேப்பரில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு எழுதினாள். எழுதக்கூடியதா இருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே. பேனாவை மூடி வைத்துவிட்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மதுரைக் கடையைப் பற்றி இஸ்ரவேல் சொன்னார். செத்த டிஸ்கிலிருந்துகூட எடுத்துவிடுவார்களாம். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். இன்றைக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனேன், இரண்டு மணி வரை உட்காரச் சொன்னார்கள். ஒரு பெண்தான் வந்து சொன்னாள், பொறுமையாகத்தான் சொன்னாள். உள்ளே தட்டு மாதிரி ஒன்று சுற்றுமாம், அதில் முழுக்கக் கீறல் விழுந்துவிட்டதாம். எங்கே கொடுத்தாலும் வராது தாத்தா, இதற்கு மேல் அலையாதீர்கள் என்றாள். ஐம்பத்தெட்டில் ஒன்றாவது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள்.

இல்லை, பரவாயில்லை, தண்ணீர் வேண்டாம். என்னிடம் இருக்கிறது.

ஆவுடையிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வருகிறேன். அவள் காலையில் என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். இந்த டிபன் பாக்ஸில் பழைய துணி போட்டு மெத்தை மாதிரி செய்து கொடுத்தாள், வரும்போது அடிபடக் கூடாது என்று. வராது என்று ஒருவேளை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் செய்து கொடுத்தாளோ என்னவோ.

மிச்சம் இருக்கிற இருபத்தாறை மகள் என் போனுக்கு அனுப்பியிருந்தாள். நான் திறக்கவில்லை. அது மகளுக்குப் பேசியது, எனக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு அந்தக் கடையில் நாலு மணி நேரம் இருந்தேனே. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காதில் வயரை வைத்து, இருபத்தாறையும் கேட்டேன். மொத்தம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று ஒன்று. மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது ஒன்று. மருமகனைப் பற்றிக் கொஞ்சம் கேலி. மகளை வாசலிலிருந்து விளையாட்டுக்கு நடுவில் கூப்பிடுவாளே, ஏட்டி சொர்ணம், ஏட்டி என்று, அதை மட்டும் ஒன்றில் நாலு தடவை கூப்பிட்டு வைத்திருக்கிறாள். வேறு ஒரு பேச்சும் அதில் இல்லை.

மார்ச் ஐந்தாம் தேதி பேசியதில் இப்படி வருகிறது. எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "முன்ன பத்து நிமிசம் ஒக்காந்து கெடப்பேன். இப்பம் அஞ்சுதான் ஆகுது. ஒங்க அப்பா ஒரு நோட்டப் போட்டுக்கிட்டு என்னத்தையோ ஒண்ணொண்ணா நிறுத்தி நிறுத்திப் பாக்காக. எனக்காகத்தான். கேட்டாச் சொல்ல மாட்டாக. நானும் தெரியாத மாதிரி இருக்கேன்."

எனக்கு என்று பேசிய இருபத்திரண்டில் ஒன்றும் இல்லை. அதில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்கு இனித் தெரியாது. என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவேளை அதில் சொல்லியிருப்பாள். இருப்பது இவ்வளவுதான். மகளுக்குப் பேசும்போது நடுவில் ஒங்க அப்பா என்று வருகிறதே, அது. ஒங்க அப்பா வார நேரமாச்சு, ஒங்க அப்பாவுக்கு இது ஆகாது, இப்படி. கேட்கும்போதே விரலை மடக்கிக்கொண்டு வந்தேன். தப்பிவிடக் கூடாது என்று முதலிலிருந்து இன்னொரு தடவையும் எண்ணினேன். இரண்டு தடவையும் ஒரே எண்தான் வந்தது.

பதினான்கு.